ஸ்விஸ் ஐயாவும் செல்லம்மாவின் மணிக்கட்டும்

இலங்கையின் அட்டன் மலைகளில் நேரத்தை ஸ்விஸ் ஐயா அளவுக்கு நேசித்தவர் எவரும் இல்லை. அவர் அளவுக்கு எல்லா இடத்துக்கும் பிந்திப் போனவரும் எவரும் இல்லை. நான் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது, அந்தத் தோட்டத் தொழிற்சாலையின் டீமேக்கர் அவர். பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, தூளாக்கி அனுப்பும் வரை முழுப் பொறுப்பும் அவர் தலையில். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

பிந்திப் போனதற்குக் காரணமே வாட்ச்தான். ஓய்வு பெற்றுப் போன தோட்ட மேனேஜர், பழைய தொரையின் கையில் கிடந்த ஸ்விஸ் வாட்சை, தன் மோட்டார் சைக்கிளை விற்று இவர் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து நடைராசாதான். எந்த பஸ்ஸை எவ்வளவு நேரத்தில் தவறவிட்டோம் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

வேறு வாட்ச் இல்லாத குறையா என்றால் அதுவும் இல்லை. பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தார். சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிக் கடைகளில் வாங்கியவை, அட்டன் நடைபாதையில் பேரம் பேசியவை, பச்சை வெளிச்சம் அடிப்பவை, பாட்டுப் பாடுபவை. வேலைக்கு வரும்போது வலது கையில் அவற்றில் மூன்று இருக்கும். வாட்டும் தட்டுக்கு ஒன்று, அரைக்கும் ரோலருக்கு ஒன்று, சும்மா ஒன்று. இடது கை ஸ்விஸ்ஸுக்கு மட்டும். எங்கள் குளிரில் வாட்ச் கம்பளிச் சட்டைக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால் அதைச் சட்டைக் கைக்கு மேலேயே கட்டுவார். அது தினமும் கொஞ்சம் பிந்தும். காலையில் டின் வாட்சைப் பார்த்துத்தான் அதைத் திருத்துவார்.

நடைபாதை வாட்ச் சரியாக ஓடுகிறது, மோட்டார் சைக்கிளை விழுங்கிய வாட்ச் பிந்துகிறது, இதென்ன நியாயம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இத மணி பாக்கவா வாங்குனேன் தம்பி? மணிக்குத்தான் சங்கு ஊதுறாங்களே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்ம கையால செய்ற மொத தரத் தூளு இந்த வாட்சு செஞ்சவங்க ஊருக்குப் போகுது. நாம கடைசித் தர டஸ்ட்டக் குடிச்சிட்டுக் கெடக்கோம். அவங்க ஊரு மொத தரச் சாமான் ஒண்ணாச்சும் நம்ம கையில கெடக்கட்டுமே."

நான் கையிலிருந்த டஸ்ட் தேநீரைக் குடித்து முடித்தேன்.

அந்த வாட்சுக்கு பேட்டரி கிடையாது. கை ஆடினால் தானே முறுக்கேறி ஓடும், ஆடாவிட்டால் நின்றுவிடும். ஆகவே ஐயா இடது கையை வீசி வீசித்தான் நடப்பார். நம்மைத்தான் மறிக்கிறார் என்று ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் நிற்கும். அவர் ஏற வேண்டிய பஸ் மட்டும் போயிருக்கும்.

ஒரு மழை நாளில் தொழிற்சாலைப் படியில் வழுக்கி விழுந்து, அந்த இடது கையையே முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், கையை ஆட்டவே கூடாது, நாற்காலியில் இருந்தபடி வேலையைப் பார்க்கட்டும் என்றுவிட்டார். ஐயாவுக்குக் கை முறிந்த கவலையைவிட வாட்ச் நின்றுவிடுமே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. நின்றால் மறுபடி ஓடவைக்கலாமே என்றேன். அவருடைய இதயத்தையே நான் அப்படிச் சொன்னது போலப் பார்த்தார்.

முதலில் அதைப் பக்கத்து வீட்டு ஆட்டின் கழுத்தில் கட்டினார். ஆடு அசைபோட்டுக்கொண்டு படுத்தே கிடந்தது. அடுத்து தொழிலாளர் லயத்துக் குழந்தை ஒன்றின் தொட்டில் கயிற்றில் கட்டினார். குழந்தை தூங்கினால் வாட்சும் தூங்கியது. எங்கள் மலையில் ஓயாத கை எது என்று அப்போதுதான் யோசித்தார். விடை ஊருக்கே தெரிந்ததுதான். கொழுந்து பறிப்பதில் செல்லம்மா அக்காவின் கையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஐயா கேட்டதும், செடி கீறாமல் இருக்க அக்கா வாட்சின் மேல் துணி சுற்றிக் கட்டிக்கொண்டார். பிறந்த நாளிலிருந்து அந்த வாட்ச் அப்படி ஓடியிருக்காது. மணி என்னக்கா என்று மற்றப் பெண்கள் கேலி செய்தால், "அது ஐயாவோட மணி. நமக்குச் சங்குதான்" என்பார்.

இதில் ஓர் ஆபத்து இருந்தது. கொழுந்தில் எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று, மலையில் வளையல், வாட்ச் எதையும் கட்டக் கூடாதென்பது புதிய தொரையின் உத்தரவு. மீறினால் வேலை போய்விடும். துணிக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது என்று இருவரும் நம்பினார்கள்.

ஒருநாள் காலை, நான் கொழுந்துக் கணக்குக்காகத் தொழிற்சாலைக்குப் போயிருந்தபோது, அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் வெறும் துணி.

"ஐயா, நேத்து மழையில தெரியாமப் போச்சு. துணி இருக்கு, வாட்சக் காணோம். கொழுந்தோட இங்கதான் வந்திருக்கணும்."

முந்தின நாள் கொழுந்து தட்டுகளில் வாடி முடித்து, ரோலரில் அரைபடத் தொடங்கியிருந்தது. பேசாமல் இருந்தால் வாட்ச் தூளாகும். இயந்திரத்தை நிறுத்தினால் தொரை வருவார், அக்காவின் வேலை போகும். ஐயா அந்தத் துணியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீ மலைக்குப் போ செல்லம்மா. நான் எதையும் தரல, நீ எதையும் கட்டல."

அதன் பிறகுதான் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். தொரை கோபத்தோடு வந்து சேர்ந்தார்.

"என் வாட்ச்தாங்க சேர். தட்டுல குனிஞ்சு பாக்கையில கழண்டு விழுந்துருச்சு."

தொரை மாவுக்கட்டைப் பார்த்தார். எந்தக் கையில் கட்டியிருந்தீர்கள் என்று கேட்டார். ஐயா நிதானமாக வலது கையைத் தூக்கினார். அதில் டின் வாட்ச் மூன்றும் வரிசையாக இருந்தன.

"இதுலதாங்க. நாலாவதா கட்டியிருந்தேன்."

ஐயாவைத் தெரிந்த யாரும் அதை நம்பாமல் இருக்க முடியாது. தொரையும் நம்பினார். கண்டித்து, அந்த வருஷத்து போனஸையும் வெட்டினார்.

வாட்ச் ரோலருக்குள் கிடைத்தது. கண்ணாடி இல்லை, முட்கள் வளைந்து, முகமெல்லாம் தேயிலைச் சாறு. ஐயா அதைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு கம்பளிச் சட்டைக்கு மேலே கட்டிவிடச் சொல்லி என்னிடம் வலது கையை நீட்டினார். எங்கள் எவருக்கும் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் அட்டன் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். சட்டைக் கைக்கு மேலே அதே வாட்ச், ஓடாமல். திருத்தவில்லையா என்று கேட்டேன்.

"எதுக்குத் தம்பி? சாயம் ஏறிருச்சு பாருங்க. இப்பத்தான் இது நம்ம ஊரு வாட்சு."

அந்த நேரம் மரக்கறிப் பையோடு செல்லம்மா அக்கா வந்தார். தன் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதா என்று ஐயா அவரைக் கேட்டார். அக்கா பையைக் கீழே வைத்து, மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை மெல்லப் பிரித்தார். உள்ளே ஐயாவின் பிஸ்கட் டின்னில் இருந்த வாட்ச் ஒன்று, பச்சை வெளிச்சம் அடிப்பது.

"போயிருச்சுங்க ஐயா."

ஐயா திருப்தியாகத் தலையை ஆட்டினார். என் பஸ்ஸும் அப்போதுதான் கிளம்பியது. ஓடினால் பிடித்திருக்கலாம். எனக்கு அவர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போலிருந்தது.