சந்தனம் பூசிய துவக்கு

வேட்டைக்கு ஏற்றதாக்கவென்று துவக்கின் முன்மரத்தை மரம் அரியும் வாளால் அறுத்து முடித்த பிறகுதான் இராசரத்தினத்துக்கு அது முன்னையைவிடப் பயங்கரமாகத் தெரிந்தது. மரத்துக்குள் அடங்கியிருந்த குழல் இப்போது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இப்ப எப்பிடி இருக்கு?"

டோர்செட் பார்க் அடுக்குமாடியின் பல்கனிக் கதவால் மனைவி ரதி எட்டிப் பார்த்தாள். "முந்தி ஆமிக்காரன்ர மாதிரி இருந்தது. இப்ப கொள்ளைக்காரன்ர மாதிரி இருக்கு."

இராசரத்தினத்துக்குத் துவக்கென்றாலே பயம். நாட்டை விட்டு வருமுன் யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரனின் துவக்குப் பிடங்கால், அந்த அடிக்கட்டையால், வாங்கிய அடி, குளிர் வந்தால் இன்னும் தோளில் நோகும்.

ஆனால் அவர் வேலை செய்த கதவுத் தொழிற்சாலையில் முப்பது பேரை நிறுத்தப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. தொண்ணூற்றுநாலாம் ஆண்டு அது. போனால் இன்னொரு வேலை கிடைக்காது. கூட வேலை செய்யும் பொன்னம்பலம்தான் வழி சொன்னான்.

"அண்ணை, எங்களை மேய்க்கிற போர்மன் ரொமோட மான் வேட்டைக்குப் போற ஒருத்தனையும் இன்னும் நிப்பாட்டேல்லை. பதினாறு வருஷமா அந்தாளுக்கு ஒரு மானும் அம்பிடேல்லை. எண்டாலும் விடாமப் போகுது."

இராசரத்தினம் வகுப்புக்குப் போய் அனுமதிப் பத்திரம் எடுத்தார். ஒஷாவாவில் ஒரு கடையில் இருந்ததிலேயே மலிவான பழைய இராணுவத் துவக்கை வாங்கினார். கடைக்காரன் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினான். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார்.

பிடங்கில் பெரிதாக இரண்டு எழுத்துகள் பொறித்திருந்தன. ஆமி அடையாளம் வீட்டுக்குள் வேண்டாமென்று அரத்தாள் போட்டுத் தேய்த்து அழித்தார். தேய்த்த இடம் வெளுத்துப் போக, வார்னிஷ் பூசினார். வார்னிஷ் வழிந்து, குண்டு ஏற்ற இழுக்கும் பூட்டு இறுகியது. அதை இளக்க நல்லெண்ணெய் ஊற்றினார்.

"தோசை மணம் மணக்குது அண்ணை. மான் மட்டுமில்லை, வெக்ஸ்போர்ட்டில இருக்கிற எங்கட சனமெல்லாம் தேடி வரும்" என்றான் பொன்னம்பலம்.

ஆயுத பூசைக்கு ரதி தையல் மெசினுக்குப் பக்கத்தில் துவக்கையும் வைத்து, சந்தனத்தை அள்ளிப் பூசினாள். குறி பார்க்கும் துளை அடைபட்டுப் போனது.

"என்னப்பா செய்யிறீர்?"

"எங்கட வீட்டில உண்மையான ஆயுதம் இது ஒண்டுதானே. ஒரு உயிரையும் எடுக்கக்கூடாது எண்டு கும்பிட்டனான்."

"நான் வேட்டைக்கெல்லே போறன்!"

"உங்கட வேலையும் போகக்கூடாது எண்டு கும்பிட்டனான்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

கார்த்திகை மாதக் குளிரில் காட்டுக்குப் போனார்கள். தொழிற்சாலையிலிருந்து கூட வந்த மற்ற இருவர் ஓடைக்கு அந்தப்பக்கம் பதுங்கியிருக்க, ரொமும் இராசரத்தினமும் இந்தப்பக்கம். விடிந்து சற்று நேரத்தில் நாற்பது அடி தூரத்தில் ஒரு மான் வந்து நின்றது.

"நீதான் புது ஆள். உன் முறை" என்றார் ரொம். ஏனோ அவர் முகத்தில் சந்தோசமே இல்லை.

இராசரத்தினத்தின் தோள் நோகத் தொடங்கியது. அடைபட்ட துளைக்குள் சந்தனம் மட்டுமே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

டிக்.

பூட்டை இழுத்துத் தள்ளிவிட்டு மறுபடியும் விசையை இழுத்தார். டிக். மான் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஆறுதலாக நடந்து போனது. வேலையும் அதோடு போகிறது என்று இராசரத்தினம் நினைத்தார். அழுகை வந்தது.

ரொம் துவக்கை வாங்கிப் பூட்டைத் திறந்து பார்த்தார். "இது பள்ளிப் பிள்ளைகள் அணிவகுப்புப் பழகிய துவக்கு. உள்ளே குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி இல்லை. பிடங்கில் எழுதியிருக்குமே?"

"நான் அழிச்சிட்டன்."

ரொமின் கோட்டில் போரில் இறந்தவர்களுக்கான சிவப்புப் பூ குத்தியிருந்தது. வாலிபத்தில் கொரியப் போருக்குப் போய் வந்தவர் அவர். மற்ற இருவரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அன்று அவர் ஆங்கிலம் இராசரத்தினத்துக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது.

"அடுத்த வருடமும் இதையே கொண்டு வா. என் துவக்கின் ஊசியை நான் பதினாறு வருடத்துக்கு முன்பே கழற்றிவிட்டேன்."