ஜெபமாலைக் கணக்கில் எழுபத்தைந்து

இருதயநாதனின் மோட்டார் சைக்கிளுக்கு மூன்று சக்கரம். இரண்டு ஓடும். மூன்றாவது கூட வரும். அந்த மூன்றாவது சக்கரத்தின் மேல் தொட்டி மாதிரி ஓர் இருக்கை. அதை அவர் 'சைடுகார்' என்பார். அவர் மனைவி டெல்பின், 'குழந்தையைக் குளிப்பாட்டுற தொட்டி' என்பாள்.

பாலக்கரையில் அவர்கள் வீட்டுக்கு வரும் சந்தின் அகலம் ஏழடி. வண்டி ஐந்தரை அடி. பால்காரர், சிலிண்டர்காரர், விருந்தாளி எல்லோரும் மீதி ஒன்றரை அடியில் ஒருக்களித்துத்தான் வரவேண்டும். டெல்பினின் அண்ணன் டோமினிக் கொஞ்சம் பருமன். போன மாதம் வந்தவர், சந்திலேயே நின்று நலம் விசாரித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் டெல்பின் முடிவாகச் சொன்னாள்.

"உப்பிலியபுரத்துல நவநீதன்னு ஒருத்தர் இந்த வண்டியைக் கேக்குறாராம். மரவள்ளிக்கிழங்கு ஏத்துறதுக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

இருதயநாதன் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டார். ஆபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் வண்டியைத் துடைத்துத் துடைத்து அவருக்கு வலது தோள் ஒரு அங்குலம் இறங்கியிருந்தது.

"கிழங்கா? டெல்பின், இது எழுபத்தஞ்சுல போற வண்டி!"

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. பிரிட்டோ சார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்திலிருந்துதான், கணக்கிலிருந்து அல்ல.

"நாப்பதைத் தாண்டாது இருதயம்."

"மீட்டர்ல என் கண்ணால பாத்தேன் சார்."

"அந்த முள்ளு வண்டி நிக்கும்போதும் எழுபத்தஞ்சுலதான்யா நிக்குது!"

அதை மறுக்க முடியாது. முள் அங்கே ஒட்டிக்கொண்டு வருடக்கணக்காகிறது.

டெல்பின் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சரி. எழுபத்தஞ்சு போகுதுன்னு காட்டுங்க. வண்டி இங்கேயே இருக்கட்டும். போகலைன்னா கிழங்கு ஏத்தட்டும். பிரிட்டோ சார் சாட்சி."

எப்படிக் காட்டுவது? செல்போனில் வேகம் பார்க்கலாம் என்று இருதயநாதன் அன்றைக்கே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வண்டி குலுக்கிய குலுக்கலில் செல்போன் பையிலிருந்து எழும்பி, உய்யக்கொண்டான் வாய்க்காலில் இறங்கிவிட்டது. பிரிட்டோ சாரும் டெல்பினும் தங்கள் போனைத் தர மறுத்துவிட்டார்கள். கைக்கடிகாரத்தைக் கொடுத்து டெல்பினைத் தொட்டியில் உட்கார வைத்தால், "ஆடுற ஆட்டத்துல முள்ளு நாலா தெரியுதுங்க" என்றாள்.

கடைசியில் வழி சொன்னதும் அவள்தான். "நான் வேணா ஜெபமாலை உருட்டிக்கிட்டே வரேன்."

இருதயநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். டெல்பின் சமையலுக்குக் கடிகாரம் பார்ப்பதே இல்லை. இட்லிக்கு ஐம்பது 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். முட்டைக்கு நாற்பது. இருபத்தேழு வருஷத்தில் ஒரு இட்லி வேகாமல் போனதில்லை. பிரிட்டோ சார் சுவர்க்கடிகாரத்தின் கீழே அவளை உட்கார வைத்துச் சோதித்தார். பத்து ஜெபம், சரியாக இரண்டு நிமிஷம். மறுபடி பார்த்தார். அதே இரண்டு நிமிஷம்.

"ஒரு ஜெபத்துக்குப் பன்னிரண்டு செகண்ட்" என்று பிரிட்டோ சார் காகிதத்தில் கிறுக்கினார். "முக்கொம்பு ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர் இடைவெளியில ரெண்டு கல்லு பாத்துக்க. அந்தத் தூரத்துக்கு எத்தனை ஜெபம் ஆச்சோ, அதால அறுநூறை வகு. அதான் வேகம். எட்டு ஜெபம்னா எழுபத்தஞ்சு. போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை. எது அதிகமோ அதை எடுத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு கிளம்பினார்கள். முதல் கல் வந்ததும் இருதயநாதன் முறுக்கினார் பாருங்கள்! வண்டி அலறியது. தொட்டி அதைவிட அலறியது. காவேரிக்கரை மரங்கள் ஓடின. எதிரே வந்த லாரி அகலமாகிக்கொண்டே வந்தது.

"அருள்நிறைந்தமரியேவாழ்க... ஐயோ லாரிங்க... ஆண்டவர்உம்முடனே... லாரி! லாரி!"

இரண்டாவது கல் தாண்டியதும் நிறுத்தினார். அவர் முகத்தில் வெற்றி.

"எத்தனை?"

"பதினஞ்சு."

அறுநூறைப் பதினைந்தால் வகுத்தார். நாற்பது. பிரிட்டோ சார் சொன்ன அதே நாற்பது.

"வேகமா ஜெபிச்சிட்ட நீ!"

"வேகமா ஓட்டுனீங்களே நீங்க."

"வீட்டுல ஜெபிச்ச மாதிரி நிதானமா ஜெபிக்க வேண்டாமா?"

"வீட்டுல என்னை யாரும் லாரிக்கு அடியில விடலையே!"

முக்கொம்பில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு இருதயநாதன் தனியாகப் போய் நின்றார். மனக்கண்ணில் வண்டி நிறையக் கிழங்கு. துடைத்துத் துடைத்து வைத்த அந்தத் தொட்டியில் மண்ணோடு கிழங்கு. பாதி டீயில் அவருக்கு மூளை வேலை செய்தது. வேகமாகப் போனால் டெல்பின் பயப்படுகிறாள். பயந்தால் ஜெபம் கூடுகிறது. ஜெபம் கூடினால் வேகம் குறைகிறது. அப்படியானால் மெதுவாகப் போனால்?

மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடி வந்தார்.

திரும்பும்போது கல் வந்ததும் முறுக்கவில்லை. தடவினார். வண்டி பூப்பல்லக்கு மாதிரி நகர்ந்தது. டெல்பின் சாய்ந்து உட்கார்ந்து முதல் மணியைப் பிடித்தாள். இவர் மெல்லத் தொடங்கினார்.

"ஏன் டெல்பின், உன் தங்கச்சி பிரான்சி வீட்டு விசேஷத்துல ஏதோ தகராறுன்னியே, என்ன அது?"

இருபத்தேழு வருஷத்தில் அவர் பிரான்சியைப் பற்றித் தாமாகக் கேட்டது இதுதான் முதல் முறை.

"அதை ஏன் கேக்குறீங்க! நாத்தனாருக்கு ரெண்டாம் பந்தியில இலை போட்டாங்களாம்."

"அடப்பாவமே! ரெண்டாம் பந்தியா?"

"அதுவும் பாயசம் தீந்தப்புறம்!"

"பாயசம் இல்லாமயா? அப்புறம்?"

மணி டெல்பினின் விரலிடுக்கில் அப்படியே நின்றது. நாத்தனார் எழுந்து போனாள். மாமியார் சமாதானத்துக்கு வந்தாள். நடுநடுவே, ஞாபகம் வந்தபோது ஒரு அருள் நிறைந்த மரியே. இரண்டு சைக்கிளும் ஒரு மாட்டு வண்டியும் அவர்களைத் தாண்டிப் போயின. இருதயநாதன் கவலைப்படவில்லை. கல் வந்தது.

"எத்தனை?"

டெல்பின் மணியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "எட்டுங்க."

வீடு திரும்பியதும் பிரிட்டோ சார் மூன்று முறை வகுத்துப் பார்த்தார். மூன்று முறையும் எழுபத்தைந்து. "எப்படிய்யா?" என்றார். இருதயநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். நவநீதனுக்குப் போன் பேசி, வரவேண்டாம் என்று சொன்னதும் டெல்பின்தான். எவ்வளவு நல்லவள் என்று அவருக்குக் கண் கலங்கியது.

போனை வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"எழுபத்தஞ்சுன்னா என்னமோன்னு பயந்தேன் சார். ஒரு ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. ஏங்க, இனிமே எப்பவும் இன்னைக்கு வந்த அதே வேகத்துலதான் போகணும். அதுக்கு மேல ஒரு பொட்டுக்கூடக் கூடாது."

"டெல்பின், அது வந்து..."

"எழுபத்தஞ்சு பத்தாதாங்க உங்களுக்கு?"

இருதயநாதன் வாயைத் திறந்தார். திரும்பி வந்தது மாட்டு வண்டியே தாண்டிப்போன வேகம் என்று சொல்லலாம். சொன்னால் கிழங்கு. வாயை மூடிக்கொண்டார்.

"சார் முன்னாடி சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்.

"அப்ப நாளைக்கு ஸ்ரீரங்கத்துல என் சிநேகிதி மயிலம்மாள் வீடு. ரொம்ப நாளாக் கூப்பிடுறாங்க. புதன்கிழமை மார்க்கெட். போகும்போது பிரான்சி கதையில மிச்சத்தையும் சொல்றேன். ஆசையாக் கேட்டீங்களே."

மறுநாள் காவேரிப் பாலத்தில் அவர்களுக்குப் பின்னால் ஒரு கல்யாண ஊர்வலம் அளவுக்கு வண்டிகள் சேர்ந்திருந்தன. எல்லாம் ஹாரன் அடித்தன. தொட்டியில் டெல்பின் குடையை விரித்துக்கொண்டு, பிரான்சி கதையில் நாத்தனாரின் மூத்த மருமகள் வரை வந்திருந்தாள். இருதயநாதன் நேரே பார்த்தபடி ஓட்டினார். சைக்கிளில் இடியாப்பம் விற்கும் ஒருவர் மணியடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். கொஞ்ச தூரம் பெடலை மிதிக்காமலே கூட வந்தார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம்.

"என்ன சார், பெட்ரோல் தீந்துபோச்சா? தள்ளிவிடவா?"