சக்கைப் போடு

சொற்களைக் காதலித்தவன் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதுண்டு. (வேறு யாரும் சொன்னதில்லை.) ஒரு சொல்லை அலட்சியமாக எறிந்துவிட்டு, அது உடைந்த பழியை மனைவியின் தலையில் போட்டவன் என்பதே சரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. கல்யாண மாலையின் வாசம் இன்னும் போகவில்லை. எஸ்தர் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவள். கருங்கல் என்ற ஊரிலிருந்து பெரியப்பா விருந்துக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை. பாயசத்தை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். (கோயில் என்றால் எங்களுக்குச் சர்ச்.) நானோ தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, தென்னங்கீற்றிடம் காற்று என்ன பேசுகிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுக்களையில் எஸ்தர் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உரித்த பலாச்சுளை. எங்கள் பக்கம் பலாவுக்குச் சக்கை என்று பெயர். அவள் ஊரிலோ, பிழிந்தபின் மிஞ்சும் திப்பிதான் சக்கை.

"பால் விட்டதும் சக்கையையும் அள்ளிப் போடு" என்றேன், காகிதத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

"சக்கையையா? தொண்டையில அடைக்காதா?"

"நிறையப் போட்டாத்தான் ருசி."

"நெசமாத்தான் சொல்லுதியளா?"

"ஆமாங்கேன்!"

பந்தியில் பெரியப்பா ஒரு வாய் வைத்தார். மென்றார். மறுபடியும் மென்றார். கண்ணில் நீர் முட்டியது.

"ஏலே மக்கா, பாயசமாலே இது? இதுல கயிறு திரிக்கலாம் போலிருக்கே!"

பந்தியே சிரித்தது. அம்மா எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் என்னைப் பார்த்தாள். "நான்தான் சொன்னேன்" என்ற இரண்டே சொல் போதும். சொல் வித்தகன் வாயிலிருந்து வந்ததோ வேறு: "அடுப்படியே தெரியாத வளர்ப்பு. நான் என்ன செய்ய?"

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த முதுகை இன்றைக்கும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

பின்னாலேயே போய் அவள் காதருகே, "மன்னிச்சிரு" என்றேன்.

"பந்தியில வச்சு எங்கம்மா வளர்ப்பப் பேசுனிய. மன்னிப்பு மட்டும் அடுக்களையிலயா? அதுவும் காதுக்குள்ள?" என்றாள். "ஒங்க பெரியப்பா வண்டியேறிட்டா, போற எடமெல்லாம் இதத்தான் சொல்லுவாவ. எங்கம்மா பேரு எல்லாச் சர்ச்சுலயும் நாறிரும்."

ஓடினேன். பெரியப்பா வில்வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"பெரியப்பா, மொழி என்பது ஒரு நதி. ஒரு கரையில் ஒரு பொருள், மறுகரையில்..."

"லே! சக்கையப் போடச் சொன்னது நீயா?"

"...சொன்னேன்."

"அவ கேட்டாளா?"

"ரெண்டு தடவை கேட்டா."

அவர் காலை இறக்கினார். வாசலில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் எஸ்தரைக் கூப்பிட்டு, "மக்களே, வளர்ப்பு சரியில்லாதது எங்க வீட்டுப் பயலுக்குத்தான்" என்றார். அன்று தலைவலி நிஜமாகவே வந்தது.

இப்போதும் வெந்நீர் கேட்க நான் வாயைத் திறந்தால் போதும், எஸ்தர் கையமர்த்துவாள்.

"கொஞ்சம் பொறுங்க. பிள்ளைகளா, எல்லாரும் இங்க வாங்க! அப்பா ஒண்ணு சொல்லப் போறாவ."