இரண்டு முப்பத்தெட்டு

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று ஒரு சொலவடை உண்டு. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் ஏட்டைத் தொட்டதில்லை என்பதால் கெடுக்கிற வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முதன்முதலாகப் பள்ளிக்கூடம், கல்லூரி என்று போய், எம்.சி.ஏ. முடித்து, முறைப்படி கெடுத்தவன் நான்தான். கெடுத்தது கால் டிராக்டர் மாங்காய். அதுவும் சொந்த அப்பாவுடையது.

கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் போகிற வழியில் ஒரு மாங்கூழ் கம்பெனி. (ஊரில் ‘ஜூஸ் கம்பெனி’ என்றால்தான் வழி சொல்வார்கள்.) அங்கே நான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். ஆர்டரில் அப்படித்தான் போட்டிருந்தது. வாட்ச்மேன் என்னைக் ‘கம்ப்யூட்டர் தம்பி’ என்பார். கேண்டீனில் எனக்குப் பெயர் ‘பிரிண்டர் ரிப்பேர் பண்றவரு’.

சீசனில் கம்பெனியின் இரண்டு கேட்டிலும் டிராக்டரும் டெம்போவுமாக வந்து நிற்கும். கேட்டில் வண்டி நம்பரைப் பதிந்து டோக்கன் தருவார்கள். அந்த வரிசைப்படி மைக்கில் கூப்பிட்டு, எடை போட்டு, சரக்கை இறக்குவார்கள். டோக்கன் நின்றால் கம்பெனியே நிற்கும். மாங்காய் மட்டும் நிற்காது, அதுபாட்டுக்குப் பழுத்துக்கொண்டிருக்கும்.

அதனால் டோக்கனுக்கு நான் இரண்டு சர்வர் வைத்தேன். கிளஸ்டர் என்பார்கள். பெரியவன், சின்னவன் என்று பெயரும் வைத்தேன். ஒருவன் வேலை செய்வான். மற்றவன் அந்தப் பதிவையெல்லாம் நகல் எடுத்துக்கொண்டு, நொடிக்கு ஒரு தரம் “இருக்கிறாயா?” என்று கேட்டுக்கொண்டிருப்பான். பதில் வரும்வரை சும்மா இருப்பான். பதில் வராவிட்டால், போய்ச் சேர்ந்துவிட்டான் என்று முடிவுகட்டி அந்த வேலையைத் தானே எடுத்துக்கொள்வான்.

இதை வீட்டில் பெருமையாக விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒருத்தன் வேல செய்வான், இன்னொருத்தன் ஓரமா நின்னு இருக்கியா இருக்கியான்னு கேட்டுக்கிட்டிருப்பான். இதத்தான நானும் உங்க சித்தப்பனும் இருவது வருசமா பண்ணிக்கிட்டிருக்கறோம்” என்றார். (இதில் வேலை செய்பவர் யார் என்பதற்குச் சித்தப்பாவிடம் வேறு பதில் இருக்கிறது.)

இந்த ஏற்பாட்டில் ஒரு காவலும் உண்டு. பதில் வரவில்லை என்றால் எதிராளி செத்துவிட்டான் என்று அர்த்தமில்லை. காதில் விழாமலும் இருக்கலாம். ஆகவே பொறுப்பை எடுப்பவன், முதலில் மற்றவனுக்குப் போகிற கரண்டைத் துண்டித்துவிட வேண்டும். ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்காராமல் இருக்க அது ஒன்றுதான் வழி. நான் சோதித்துப் பார்த்த அன்று பெரியவன் சின்னவனின் கரண்டைத் துண்டித்தான், சின்னவன் எழுந்து பெரியவனின் கரண்டைத் துண்டித்தான், மத்தியானம் முழுக்க இருவருக்கும் இதே பிழைப்பாக இருந்தது. சலித்துப்போய்க் காவலை நிறுத்தி வைத்தேன். ‘பிறகு சரிசெய்யவும்’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அடிக்கோடு போட்டால் வேலை முடிந்த மாதிரி என்பது எனக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்த வியாதி.

இரண்டு வருடம் முன்பு, ஜூன் மாதம், கிளஸ்டருக்குப் புது வெர்ஷன் ஏற்ற வேண்டி வந்தது. முறை எளிது. வேலையைச் சின்னவனிடம் கொடுத்துவிட்டு, ஓய்வாக இருக்கும் பெரியவனுக்குப் புது வெர்ஷனை ஏற்ற வேண்டும். பிறகு சின்னவனை நிறுத்தி, பெரியவனை வேலைக்குக் கிளப்பிவிட்டு, சின்னவனுக்கும் ஏற்ற வேண்டும். கையேட்டில் ஓர் எச்சரிக்கை இருந்தது: பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் ஒன்றோடொன்று பேசாது, இரண்டையும் சேர்த்து ஓட விடாதே. படித்தேன். அதற்கும் அடிக்கோடு போட்டேன்.

நான் குறித்திருந்த நாள் வெள்ளிக்கிழமை. வியாழன் மாலை கம்பெனி வாசலில், சனியும் ஞாயிறும் பாய்லர் வேலை, மாங்காய் எடுக்க மாட்டோம் என்று போர்டு வைத்தார்கள். பறித்துப் போட்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்தார்கள். அதில் அப்பாவும் ஒருவர். எங்கள் தோட்டத்துப் பெங்களூரா மாங்காயைப் புதன்கிழமையே பறித்தாகிவிட்டது. வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கேட் மூடுவதற்குள் இறங்காவிட்டால் திங்கட்கிழமை அதில் ஈதான் இருக்கும். வருஷத்துக்கு ஒரு காய்ப்பு. இந்த நிலையில் நாளைத் தள்ளிப்போடலாம் என்று சாதாரண மனிதனுக்குத் தோன்றும். நான் நோட்டில் வெள்ளி என்று எழுதிவிட்டேனே.

ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன். பத்தே காலுக்குப் பெரியவனுக்குப் புது வெர்ஷன் ஏறிவிட்டது. சரியாக எழுந்திருக்கிறானா என்று பார்ப்பதற்காக அவனைக் கிளப்பினேன். எழுந்தான். அடுத்து சின்னவனை நிறுத்த வேண்டும். இரண்டு நிமிட வேலை. விரலை விசைப்பலகையில் வைத்தபோது போன் அடித்தது. அப்பா.

“கேட்டாண்ட வந்துட்டன் கண்ணு. நீ என்ன பண்ற?”

புது வெர்ஷன் ஏற்றுகிறேன், ஒன்று முடிந்தது, இன்னொன்று பாக்கி என்றேன்.

“மணி பத்தரையாவப் போவுது. வெள்ளிக்கெழம ராகு காலம்டா. புதுசா எதையும் தொடாத. பன்னண்டுக்கு மேல பாத்துக்க.”

‘பாதியில் நிறுத்த முடியாதுப்பா’ என்பது மூன்று சொல். என்னிடம் வரவில்லை. என் படிப்பு முழுக்க அப்பா காலண்டரைப் பார்த்துத்தான் நடந்தது. கல்லூரி விண்ணப்பத்தை ராகு காலம் முடியட்டும் என்று தபால் நிலைய வாசலில் ஒன்றரை மணி நேரம் கையில் வைத்திருந்திருக்கிறேன். பரீட்சையே ராகு காலத்தில் வந்தால், பேனாவால் ஒரு பிள்ளையார் சுழியை முன்கூட்டியே உள்ளங்கையில் போட்டு அனுப்புவார். ஆரம்பித்த காரியத்துக்கு ராகு காலம் கிடையாது என்று அவரே நூறு முறை சொல்லியிருக்கிறார். நான் உட்கார்ந்து யோசித்தேன். சின்னவனை இன்னும் தொடவில்லை, ஆகவே சின்னவன் புதுக் காரியம். முதுகலைப் பட்டம் பெற்ற மூளை இப்படித்தான் தீர்ப்புச் சொன்னது.

திரையைப் பார்த்தேன். பெரியவனுக்குப் பச்சை விளக்கு, சின்னவனுக்கும் பச்சை விளக்கு. இரட்டை நிம்மதியுடன் டீ குடிக்கப் போனேன்.

நடந்தது இதுதான். பெரியவன் எழுந்து “இருக்கிறாயா?” என்று புதுப் பாஷையில் கேட்டான். சின்னவனுக்குப் புரியவில்லை. சின்னவன் பழைய பாஷையில் கேட்டது பெரியவனுக்குப் புரியவில்லை. மற்றவன் செத்துவிட்டான் என்று இருவரும் தனித்தனியே துக்கம் கொண்டாடிவிட்டு, பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். கரண்டைத் துண்டிக்கிற காவலைத்தான் நான் தூங்க வைத்திருந்தேனே. முதல் கேட்டுக்குப் பெரியவன் டோக்கன் கொடுத்தான், இரண்டாம் கேட்டுக்குச் சின்னவன் கொடுத்தான். அதுவரை போயிருந்தது முப்பத்தேழு. ஆகவே அங்கும் முப்பத்தெட்டு, இங்கும் முப்பத்தெட்டு.

பதினொன்றே முக்காலுக்கு மைக்கில் முப்பத்தெட்டு என்று கூப்பிட்டார்கள். எடை மேடைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டரும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு டெம்போவும் வந்து மூக்கோடு மூக்கு நின்றன. டெம்போ, பாப்பாரப்பட்டியிலிருந்து சரக்கு கொண்டுவந்த சாதிக் பாயுடையது. டிராக்டரில் எங்கள் அப்பா.

நான் போனபோது இருவரும் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சொன்னார், “கம்ப்யூட்டரு தப்புப் பண்ணாதுங்க பாய். எம் பையன்தான் பாத்துக்கறான்.”

“அப்ப எனக்கும் அவருதான குடுத்திருக்கணும்? உங்களுக்கு ரெண்டு பையனுங்களா?”

அதற்குள் இரண்டு முப்பத்தொன்பதும் கிளம்பி வந்துவிட்டன. பின்னால் நாற்பதுகள் ஹாரன் அடித்தன. மேனேஜர் குமரவேல் சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “எந்த முப்பத்தெட்டு சரி?” என்று மெதுவாகக் கேட்டார்.

இரண்டும் சரி என்பதுதான் உண்மை. அதை அந்த வெயிலில் சொல்ல முடியவில்லை. இரண்டு பதிவையும் ஒன்றாகச் சேர்க்க வழியில்லை, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டும், அழிந்த பக்கத்துக்காரர்கள் கடைசியில் போய்ப் புது டோக்கன் வாங்க வேண்டும் என்றேன். சின்னவன் கொடுத்தது இருபத்துமூன்று டோக்கன். பெரியவன் கொடுத்தது ஒன்பது. எதை அழிப்பது என்பதில் சந்தேகமே இல்லை. ஒன்பதின் தலைமாட்டில் அப்பா இருந்தார் என்பது மட்டும்தான் கஷ்டம்.

“முதல் கேட்டை அழிக்கணும் சார்” என்றேன். அப்பாவைப் பார்க்காமல் சொன்னேன்.

“பாதி வேலைய ஏன் நிறுத்துன?” என்றார் சார்.

டெக்னிக்கலாக ஒரு சிக்கல் என்று ஆரம்பித்து, மூன்று ஆங்கில வார்த்தைகளைச் சொல்லி, நான்காவது கிடைக்காமல் நின்றேன். சுற்றிலும் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அப்பா டிராக்டரிலிருந்து இறங்கினார்.

“நாந்தாங்க நிறுத்தச் சொன்னன். ராகு காலம்னு போன் பண்ணன். அவன் மேல தப்பு இல்லீங்க.”

சாதிக் பாய் தலையைச் சொறிந்துகொண்டு, “ராகு காலம் உங்களுக்குங்க. எங்க டோக்கன அது என்ன பண்ணுச்சு?” என்றார். முதலில் அப்பாதான் சிரித்தார். அதன் பிறகே மற்றவர்கள் தைரியமாகச் சிரித்தார்கள்.

சர்வர் அறைக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வாசலில் நின்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். “இன்னும் என்னாத்த பாக்கற, போய்ப் பண்ணு” என்றார்.

சின்னவனை வைத்துக்கொண்டு பெரியவனின் பதிவை அழித்தேன். ஒன்பது வண்டிக்கும் அறுபத்தொன்றிலிருந்து புது நம்பர் போட வேண்டும். நான் எழுதி முடிக்கும்வரை அப்பா ஓரமாக நின்றார். முறைப்படி அறுபத்தொன்று அவருக்கு. “மத்தவங்களுக்கெல்லாம் மொதல்ல போடு. என்னால நின்னவங்க” என்று கடைசிச் சீட்டை எடுத்துக்கொண்டார். அறுபத்தொன்பது.

மத்தியானம் முழுக்க நான் ஜன்னல் வழியே அந்த டிராக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கோணிச் சாக்கை நனைத்து நனைத்து மாங்காய்மேல் போர்த்தினார். நாலு மணிக்கு ஐம்பத்தைந்து. ஐந்தேகாலுக்கு அறுபத்துமூன்று. ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அறுபத்தொன்பது என்று மைக்கில் கேட்டது. என் எம்.சி.ஏ. ரிசல்ட்டைக்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

மேல் சரக்கை எடுத்துக்கொண்டார்கள். அடியில் கிடந்தது நாள் முழுக்க வெயிலிலும் பாரத்திலும் பழுத்து நசுங்கிச் சாறாக ஒழுகியது. அதை எடுக்க முடியாது என்று தரம் பார்ப்பவர் கைவிரித்தார். அப்பா அவரிடம் மரியாதையாகக் கேட்டார், “நீங்க எப்படியும் கூழுதான பண்ணப் போறீங்க? பாதி வேலய நாங்களே முடிச்சுக் கொண்டாந்திருக்கறோம். எடுத்துக்கங்களேன்.”

எடுக்கவில்லை. கால் டிராக்டர் மாம்பழத்தோடு வீடு திரும்பினோம். அடுத்த பத்து நாள் எங்கள் வீட்டில் குழம்பு, ரசம், பச்சடி எல்லாம் ஒரே நிறம். எனக்கு வேலை போகவில்லை. ஆனால் நான் சர்வரில் கை வைக்கிற நாளில் என் போனை வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சார் எழுத்தில் உத்தரவு போட்டார். காவல் ஏற்பாட்டை மறுநாளே எழுப்பிவிட்டேன்.

போன தை மாதம் மொரப்பூரில் எனக்கு நிச்சயதார்த்தம். ஞாயிற்றுக்கிழமை. போட்டோகாரர் தாமதமாக வந்ததில் எல்லாம் தள்ளிப்போனது. பெண் வீட்டுத் தட்டு எங்கள் கைக்கு வந்துவிட்டது. எங்கள் தட்டு அவர்கள் கைக்குப் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் மாமா, நாலரை ஆயிடுச்சு, ராகு காலம் வந்துட்டுது, இதை ஆறு மணிக்கு மேல் மாற்றலாமா என்று இழுத்தார். எல்லாரும் காலண்டர் மனிதரான எங்கள் அப்பாவைப் பார்த்தார்கள்.

“அட மாத்துங்க. பாதியில நிறுத்துனா ரெண்டு மாப்பிள்ள ஆயிப்போவும்.”

எங்கள் பக்கம் உருண்டு புரண்டு சிரித்தது. பெண் வீட்டார் பயந்துபோய்த் தட்டைச் சட்டென்று வாங்கிக்கொண்டார்கள். யார் அந்த இன்னொரு மாப்பிள்ளை என்று அன்றைக்கே அவர்கள் தரப்பில் ரகசியமாக விசாரித்ததாகப் பிறகு தெரிந்தது.

இப்போது எனக்குக் கல்யாணமாகிவிட்டது. துணியைப் பாதி காயப்போட்டுவிட்டு நான் லேப்டாப் பக்கம் நகர்ந்தால் என் மனைவி கோபிப்பதில்லை. வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, “ஏங்க, அந்த இன்னொரு மாப்பிள்ள இருக்காரா? மீதிய அவரையாச்சும் வந்து காயப்போடச் சொல்லுங்க” என்கிறாள். உள்ளேயிருந்து அப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நான் எழுந்துபோய் மீதியைக் காயப்போடுகிறேன்.