ஐடிலிங் ஸ்க்ரூவும் ஒரு பரிசு ஸ்பூனும்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் முந்திரித் தோப்புப் பக்கமிருந்து ஓர் உறுமல் கேட்டது. விட்டு விட்டு வந்திருந்தால் புலி என்று நினைத்திருப்பேன். இது மூச்சே விடாமல் உறுமியது. புலிக்கும் மூச்சு வேண்டுமே.

கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அம்மிக் குழவியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். தாழ்ப்பாள் இல்லாத வீடு என்று நினைக்காதீர்கள். நல்ல இரும்புத் தாழ்ப்பாள் இருக்கிறது. அதைப் போடக்கூடாது என்பது என் வீட்டுக்காரரின் உத்தரவு.

"லோடு எறக்கிட்டு நேரங்கெட்ட நேரத்துல வருவேன். கதவத் தட்டுனா புள்ள முழிச்சுக்கும். சாத்தி மட்டும் வையி."

"திருடன் வந்தா என்னங்க பண்றது?"

"அவனும் தட்டாமத்தான் வருவான். புள்ள முழிக்காது."

அவருக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி. வரதராஜன்பேட்டையிலிருந்து முந்திரிக்கொட்டை மூட்டைகளை அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் ஏற்றிப்போவார். பகலில் லோடு. இருட்டினாலும் லோடு. ஊருக்கு ஒதுங்கிய வீட்டில் நானும் இன்னும் பேச்சு வராத குழந்தையும். கான்வென்ட் எனக்குக் கொடுத்தனுப்பியவை இரண்டு: இங்கிலீஷ், கட்டுரைப் போட்டியில் பரிசாகக் கிடைத்த ஒரு ஸ்பூன். ஸ்பூனால் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டினேன். இங்கிலீஷுக்கு வேலையே இல்லை. கதவைப் பார்த்தபடி விழித்திருக்க வேண்டுமே என்றுதான் ராத்திரியில் இப்படி எழுதவே ஆரம்பித்தேன்.

மறுநாள் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பாப்பாயி அக்காவிடம் உறுமலைச் சொன்னேன்.

"பேயா இருக்குமாக்கா?"

"பேய்க்கு ஏது பெட்ரோலு? ஒம் புருசன் வண்டிதான். தோப்புக்குள்ள அரியமுத்து மோட்டார் கொட்டாயில சீட்டுக் கச்சேரி. வண்டிக்கு செல்ப் எடுக்காதாம், நிறுத்துனா நாலு பேரு தள்ளணுமாம். அதான் அணைக்காமப் போட்டுட்டு ஆடுறாரு."

"பெரம்பலூர் லோடுன்னு சொன்னாரே!"

"இத்தன நாளா பூனையாட்டம் கெடந்துச்சு வண்டி. நேத்துத்தான் கத்துது."

கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறார். குழந்தை காய்ச்சலில் துவண்டு கிடந்த ராத்திரியும் இதே பெரம்பலூரில்தான் இருந்திருப்பார்.

அன்று மாலை வாசல் சரிவில் பானெட் திறந்தது. விளக்குப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்.

"ஆக்சிலேட்டர மிதிக்காமயே எஞ்சின் எகிறுது புள்ள. ஐடிலிங் ஏறிப்போச்சும்பாங்க. கவனிச்சுக்க. ஒனக்கெல்லாம் யாரு சொல்லித் தருவா?"

கவனித்தேன். சோக் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. ஆக்சிலேட்டர் கேபிளைத் தளர்த்தினார். உறுமல் குறையவில்லை. கடைசியில் கார்புரேட்டரில் ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தொட்டார்.

"இதான் ஐடிலிங் ஸ்க்ரூ. உள்ள திருப்புனா அலறும், வெளிய திருப்புனா அடங்கும். எவனோ ஒர்க்‌ஷாப்புல தெரியாம உள்ள திருப்பிட்டான்."

"இவ்வளவுதானாங்க?"

"இவ்வளவுதானாவா? இதுக்கெல்லாம் ஒரு கை வேணும் புள்ள!"

வண்டி பூனையானது. அவர் 'பெரம்பலூருக்கு'ப் புறப்பட்டார். தோப்பில் ஒரு சத்தமும் இல்லை. குழவியையும் கதவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று அந்த உறுமலாவது துணைக்கு இருந்தது.

மறுநாள் மதியம் அவர் சாப்பிட்டுக் குறட்டை விட்டபோது, ஸ்பூன் காம்பை ஸ்க்ரூவில் வைத்து உள்ளே திருப்பினேன். ஒரு கை வேணும் என்றாரே, என்னிடம் இரண்டு இருந்தன.

சாயங்காலம் வண்டி அலறியது. அவர் துள்ளி இறங்கினார்.

"அந்த ஸ்க்ரூவாங்க?" என்று நானே கேட்டேன்.

"அதத்தான் நான் சரிபண்ணிட்டேனே! நான் கைவச்ச எடத்துல மறுபடி கோளாறு வருமா? இது வேற."

அந்த ஒரு வார்த்தை என்னைக் காப்பாற்றியது. கைவைத்த இடத்தை விட்டுவிட்டு மிச்ச வண்டி முழுவதையும் பிரித்தார். கேபிளை மாற்றினார். சோக்கைக் கழற்றி மாட்டினார். கேஸ்கெட் அட்டை வழியாகக் காற்று இழுக்கிறது என்று அதையும் புதிதாக வெட்டிப் போட்டார். வண்டி அலறியது. மாலைதோறும் நான் விளக்குப் பிடித்தேன். கல்யாணமானதிலிருந்து நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து நின்றதில்லை. வண்டியின் பரம்பரையையே அவர் வைதார். எனக்குக் கேட்கச் சுகமாக இருந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அலறும் வண்டியோடு தோப்புக்கே போய்விட்டார். மறுநாள் மாலை அரியமுத்து வாசலுக்கு வந்தார். வந்தது ரகசியம் பேச. ஆனால் பக்கத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னாய்யா சொல்ற?" என்று கத்தினார் இவர்.

"வண்டியோட வராதேங்கிறேன்! நாம சீட்டாடுறது போலீசுக்கே கேட்டுடும்! வந்தா நடந்து வா!"

பாப்பாயி அக்காவின் ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. நான் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் துண்டைத் தோளில் போட்டார்.

"பெரம்பலூர் வரைக்கும் போயிட்டு வரேன்."

"வண்டி இங்க நிக்குதேங்க. லோடு தலையிலயா?"

நின்றார். வண்டியைப் பார்த்தார். துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். வேறு வேலை இல்லாததால், "புள்ளைக்கு நான் ஊட்டுறேன், குடு" என்று கஞ்சிக் கிண்ணத்தை இழுத்தார். ஸ்பூனை எடுத்தவர் அதையே பார்த்தார். காம்பு நுனி முறுக்கிப்போய், எவ்வளவு தேய்த்தும் போகாத கறுப்போடு இருந்தது.

"இது என்னா புள்ள?"



"தனியா இருக்க பயமா இருந்துச்சுங்க."

வேறெதுவும் சொல்ல வரவில்லை, இங்கிலீஷில்கூட.

குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே கஞ்சியை ஊட்டினார். கிண்ணத்தைக் காலியாக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவர் வாங்கியாரேன். புள்ள ஸ்பூன வுட்டுடு."

எழுந்துபோய்க் குழவியைக் காலால் ஒதுக்கினார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்தார். போடாமலே கிடந்து துருவேறிப்போயிருந்தது, நகரவில்லை. குத்தினார், வைதார். அப்போதும் நகரவில்லை.

"இதுக்கெல்லாம் ஒரு கை வேணுங்க" என்று ஸ்பூனை நீட்டினேன்.

முறைத்துக்கொண்டே வாங்கி, நெம்பி, உள்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டார்.