பெயரை மறைத்த பெருவிரல்

கண்ணியத்திற்குரிய ஜகாத் செயலி நிர்வாகி ஜனாப் அவர்களுக்கு,

மேற்குத் தாம்பரத்திலிருந்து, ரயில்வேயில் ஓய்வுபெற்ற யாக்கூப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறையருளால் நானும் என் மனைவி ஜுலைகாவும் சுகம். என் சர்க்கரை மட்டும் சுகமில்லை. உங்கள் செயலியில் புகார் எழுதினால், ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரே பதிலை ஒன்பது தடவை சொல்கிறது. அதனால்தான் தபால்.

முப்பது வருஷமாக ரமலான் வந்தால் என் வாசலில் வரிசை நிற்கும். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏழைகளுக்குச் சேரவேண்டிய ஜகாத் பங்கை என் கையால் கொடுப்பேன். “பாய், நல்லா இருக்கணும்” என்பார்கள், தெருவே திரும்பிப் பார்க்கும். பொய் சொல்லக் கூடாது, அது எனக்குப் பிடிக்கும். இந்த வருஷம் முழங்கால் வலி என்று என் மகள் ஷமீமா உங்கள் செயலியை என் போனில் ஏற்றிவிட்டாள். பிரியாணி வரவழைப்பது மாதிரி விதவை, அனாதை, கடனாளி என்று படம் படமாக வருகிறது. தாம்பரம் வட்டாரம், விதவை என்று தொட்டுப் பணம் அனுப்பினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் ‘உங்கள் பெயரைத் தெரிவிக்கலாமா?’ என்று கேட்டது. என் பெருவிரல் ‘வேண்டாம்’ மேல் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து நான் ‘பெயர் சொல்ல விரும்பாத நல்லுள்ளம்’. என்ன செய்தாலும் மாற்ற முடியவில்லை. “அல்லாவுக்குத் தெரிஞ்சா பத்தாதா? முடிச்சூர் வரைக்கும் போஸ்டர் ஒட்டணுமா உங்களுக்கு?” என்று சிரிக்கிறாள் ஜுலைகா.

முடிச்சூர் என்று அவள் சும்மா சொல்லவில்லை. என் தங்கை பல்கீஸ் அங்கேதான் இருக்கிறாள். கணவர் மவுத்தான பிறகு ஜாக்கெட் தைத்து இரண்டு பெண்களை வளர்த்தவள். மூன்று வருஷத்துக்கு முன் பெரியவளின் நிச்சயதார்த்தத்தில், நாலு பேர் முன்னால், “என் ஜகாத்துல கொஞ்சம், வச்சுக்கோ” என்று சத்தமாகச் சொல்லி உறையை நீட்டினேன். அவள் தொடவில்லை. “அண்ணனா வந்தா சோறு போடுறேன். தர்மம் குடுக்க வந்தீங்கன்னா வாசலோட போயிடுங்க” என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்குத் திரும்பியவன்தான், அப்புறம் போகவில்லை.

பணம் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று உங்களை அரித்தேன் அல்லவா, போன வாரம் பணம் வாங்கிய பெண்ணின் படமும் அவள் எழுதிய கடிதமும் அனுப்பினீர்கள். அந்தப் பெண்ணின் முகத்தை மறைத்திருந்தீர்கள். பின்னால் இருந்த சுவரை மறைக்கவில்லை. சுவரில் கழுத்தளவில் ஒரு பச்சைக் கோடு, பக்கத்தில் ‘2015 டிசம்பர், தண்ணி இதுவரை’. அது என் கையெழுத்து, ஜனாப். வெள்ளம் வடிந்த பிறகு என் வீட்டுக் கேட்டுக்கு அடித்த பெயிண்டின் மிச்சத்தில் நான்தான் எழுதினேன். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பல்கீஸ். இத்தனை வருஷத்தில் அதன்மேல் அவள் வெள்ளையடிக்கவே இல்லை.

கடிதத்தை ஷமீமா வாசித்தாள். ‘நீங்க யாருன்னு தெரியாது, நல்லா இருங்க. புது தையல் மெஷின் வாங்கிட்டேன். ஒரே ஒரு துஆ செய்யுங்க. தாம்பரத்துல எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு. சர்க்கரை ஜாஸ்தி, ரோஷம் அதுக்கு மேல. அவரு நல்லா இருக்கணும்.’ நான் அழுதேன். அறுபத்தெட்டு வயதில், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதேன்.

ஆகவே அந்த நல்லுள்ளம் நான்தான் என்று அவளுக்கு உடனடியாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். முழுப் பெயர் வேண்டும், முடிந்தால் புகைப்படத்துடன். உங்கள் குடும்பத்துக்கும் அலுவலகத்துக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
யாக்கூப்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஜுலைகாவிடம் வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. “சொன்னீங்கன்னா அந்த மெஷினைத் திருப்பிக் குடுத்துடுவா” என்றாள். எனவே மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். என் பெயரை யார் கேட்டாலும், நானே போன் போட்டுக் கெஞ்சினாலும், சொல்லிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் முடிச்சூர் போகிறேன். வெறுங்கையோடு, சாப்பிட.