கைதட்டு வாங்கிய கோபம்

கொரட்டூர்,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணன் உலகநாதன் அவர்களுக்குத் தங்கை தாட்சாயிணி வணக்கம் சொல்லி எழுதுவது.

ஒருத்தர் நிஜமாகவே கோபமாக இருக்கிறார் என்பதை எதிரில் இருப்பவர்கள் எதை வைத்துத் தெரிந்துகொள்கிறார்கள்? பல வருடங்களாகக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் தங்களுக்கு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

கோயமுத்தூரில் அண்ணியும் தங்கள் இடுப்பும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இடுப்பைப் பற்றிப் பிறகு வருகிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம்.

கிருஷ்ணப்பிரியா அந்தப் பையன் பிரதீக்கைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது நானோ அவள் அப்பாவோ மறுப்புச் சொல்லவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் பம்ப் செய்கிற ஒரே கம்பெனியில் இருவருக்கும் வேலை. அவள் வரைகிறாள், அவன் விற்கிறான். கான்பூர்க்காரனாக இருந்தாலும் இங்கே வந்து தமிழ் கற்றுக்கொண்டுவிட்டான். அவனைப் பெற்றவர்கள் பெண்ணைப் பார்க்க வருகிறோம் என்றார்கள். ஊரில் மற்றவர்கள் இதற்குக் கேசரி கிளறுவார்கள், பஜ்ஜி போடுவார்கள், ஹாலில் உட்காரவைத்துப் பேசுவார்கள். தாய்மாமன் என்ற முறையில் தாங்கள்தான் தடுத்தீர்கள். "ஹால்ல உக்காந்து பஜ்ஜி தின்னா மனுசங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாது தாட்சி. ரெண்டு குடும்பமும் ஒரே வேன்ல ஆலப்புழை போங்க. காயல், படகு, காத்து. அவங்கவங்க குணம் தானா வெளியே வரும். இந்தி பேசத்தான் நான் இருக்கேனே" என்றீர்கள். குணம் வெளியே வந்தது. என்னுடையது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணனூரிலிருந்து டில்லிபாபு என்பவர் வேனைக் கொண்டுவந்தார். அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. வானகரம் சர்வீஸ் ரோட்டில் முட்டியளவு தண்ணீரில் வேன் நின்றுவிட்டது. பிரதீக்கின் அப்பா சக்சேனா ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்த்து, "பேக்வாட்டர்?" என்று ஆவலாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. டில்லிபாபு திரும்பி, "அவுரு இன்னா கேக்குறாரு மேடம்? பூந்தமல்லி தாண்டிட்டா அப்பால வண்டி சும்மா பறந்துகினு போவும், பேஜாராவ வேணாம்னு சொல்லு" என்றார். பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் சக்சேனா ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிட்டார். மரியாதையாக ஆரம்பித்த கடிதம் அண்ணா இது, ஆனால் பூந்தமல்லியை நினைத்தாலே கோபத்தில் எனக்கு 'நீ' என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்.

நீ கோவையில் ஏறிக்கொள்ளும் வரை இந்திக்கு நான்தான் பொறுப்பு, இங்கிலீஷில் பேசினால் ஒட்டாது, பையனை மொழிபெயர்க்க விடுவது மரியாதை இல்லை என்று நீயே சொல்லியிருந்தாய். என் இந்தி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா வேலையில் இருந்தபோது பக்கத்து வீட்டு வடக்கத்திக்காரர்களோடு உட்கார்ந்து தூர்தர்ஷனில் வாராவாரம் போட்ட இந்திப் படம்தானே நம்முடைய பள்ளிக்கூடம். படம் முடிந்ததும் நீ போர்வையைப் போர்த்திக்கொண்டு ஜமீன்தாராக நிற்பாய், நான் கைவிடப்பட்ட தாயாக உன் காலில் விழுவேன். அதனால் இன்றைக்கும் பெற்ற மகனைச் சொத்திலிருந்து விலக்கிவைக்க எனக்கு இந்தியில் தெரியும். ஒரு டம்ளர் வெந்நீர் கேட்கத் தெரியாது. வேலூர் தாண்டி பிரதீக்கின் அம்மா சீட்டில் நெளிந்துகொண்டிருந்தார். பாத்ரூம் போக வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். அந்தப் படங்களில் யாரும் பாத்ரூம் போனதில்லை. "தேவி, தங்கள் உள்ளத்தை வாட்டும் அந்தத் துயரம் எதுவோ?" என்று கேட்டேன். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்பிரியாதான் "வாஷ்ரூம்" என்று ஒரே சொல்லில் கேட்டு அழைத்துப் போனாள்.

வேனில் டிவி இருந்தது. பிரதீக் ஏதோ புதுப் படம் போட்டான். பெயரைப் பார்க்கவில்லை. முக்கால்வாசி இங்கிலீஷ், மிச்சம் கெட்ட வார்த்தை. காதலி பிரிந்துபோகிறாள், அவன் "ப்ரோ, நான் ஓகே இல்ல ப்ரோ" என்கிறான். நம்முடைய காலத்தில் ஒருவன் பிரிவதென்றால் நிலவைக் கூப்பிடுவான், விளக்கைக் கூப்பிடுவான், விதியைப் பத்து வரி திட்டுவான். போகட்டும், அதுவும் அசட்டுத்தனம்தான், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பழைய படத்து அப்பா, "என் மூச்சு இருக்கும்வரை இது நடக்காது" என்று மாடிப்படியில் நின்று கர்ஜிப்பார். எதிரி யார், எங்கே நிற்கிறார் என்று பெண்ணுக்குத் தெரியும், எதிர்த்து நிற்கலாம். புதுப் படத்து அப்பா தோளில் கை போடுகிறார். "உன் வாழ்க்கை, உன் இஷ்டம், நோ ப்ரெஷர்" என்கிறார். கடைசியில் அவர் நினைத்ததுதான் நடக்கிறது. வசனம்தான் மாறியிருக்கிறது, அப்பா மாறவில்லை. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஜெகதீசன் ஜன்னலில் தலையை முட்டுக்கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

விடிகிற நேரத்தில் நீலாம்பூர் பைபாஸில் நீ நின்றாய். கையில் முறுக்கு டப்பா. வேஷ்டி, சட்டை, சென்ட் எல்லாம் பயணத்துக்குத் தயாராகத்தான் இருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தாய். சக்சேனா உன்னிடம் இந்தியில் ஏதோ நீளமாகச் சொன்னார். நீ "ஹா ஜி, ஹா ஜி" என்றாய். டப்பாவை என் மடியில் வைத்தாய். "தாட்சி, திடீர்னு இடுப்புப் புடிச்சிக்கிச்சிம்மா" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி நடந்தாய். டிவைடரை எகிறித் தாண்டினாய் அண்ணா. இடுப்புப் பிடித்தவன் தாண்டுகிற தாண்டலா அது?

இனி நான் சொல்லப்போவதைப் பொறுமையாகப் படி.

ஆலப்புழையில் ஒரு பகல் படகு எடுத்தோம். வண்டியைக் கரையில் போட்டுவிட்டு டில்லிபாபுவும் ஏறிக்கொண்டார். காயல் அழகாகத்தான் இருந்தது, அதைப் பற்றிப் புகார் இல்லை. சாப்பாடு முடிந்தது. சக்சேனா கையைத் துடைத்துக்கொண்டு கிருஷ்ணப்பிரியாவைப் பார்த்து இனிமையாகச் சிரித்தார். பாதி இங்கிலீஷும் பாதி இந்தியுமாக, "பேட்டா, நோ ப்ரெஷர். டோட்டலி உன் சாய்ஸ். கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் கான்பூர் வந்துடுங்க, பிரதீக் நம்ம ஹார்ட்வேர் கடையைப் பாத்துப்பான். நீ வேலையிலேர்ந்து ஒரு பிரேக் எடுத்துக்கோ. யூ டிசர்வ் இட்" என்றார். போன மாதம்தான் அவளை டிசைன் பிரிவுக்கே பொறுப்பாக்கியிருந்தார்கள். அதைச் சொல்ல அன்றைக்கு ராத்திரி மாடிப்படியில் செருப்போடு ஓடி வந்த பெண் அவள். இப்போது தண்ணீரைப் பார்த்தாள். பிரதீக் தன் போனைப் பார்த்தான். அவள் ஒரு தடவை அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுந்து நின்றேன். நான் சபையில் சத்தம் போடுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். ஸ்டாஃப் மீட்டிங்கில்கூட எழுதித்தான் கொடுப்பேன். சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: சார், அவள் வேலையை விடமாட்டாள், இப்படிச் சிரித்துக்கொண்டே முடிவெடுக்காதீர்கள். வாயிலிருந்து இந்தியில் வந்தது வேறு. அப்படியே தமிழில் தருகிறேன்.

"சக்சேனா சாஹப்! ஒரு தாயின் மௌனத்தை அவளுடைய சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள்! என் மகளின் கனவுகளை உங்கள் ஹவேலியின் நான்கு சுவர்களுக்குள் உயிரோடு புதைக்க நினைத்தால், நினைவிருக்கட்டும், அந்த வாசற்படிக்கும் அவளுக்கும் நடுவில் நான் நிற்பேன்! இந்த வானம் சாட்சி! இந்தத் தண்ணீர் சாட்சி!"

கான்பூரில் அவர்களுக்கு இருப்பது மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட். அந்த வேகத்தில் வீட்டுக்கு எனக்கு வந்த சொல் ஜமீன் மாளிகையைச் சொல்கிற ஹவேலிதான். போதாததற்கு அந்த நேரம் பார்த்துக் காற்றடித்து என் முந்தானை பறந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

சக்சேனா, "வாஹ்! வாஹ், பெஹன்ஜி!" என்று எழுந்து நின்று கைதட்டினார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த சமையல்காரர் கரண்டியோடு கைதட்டினார். டில்லிபாபு விசில் அடித்தார். ஒரு வார்த்தை புரியாமலே என் வீட்டுக்காரரும் கைதட்டினார் அண்ணா. அதை நான் மறக்கப்போவதில்லை. "ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்" என்று சக்சேனா போனை எடுத்துக்கொண்டார். "நான் நடிக்கவில்லை! இது என் இதயத்தின் குரல்!" என்று கத்தினேன். அதுவும் அந்தப் படங்களில் வருகிற மாதிரியே இருந்ததால் இரண்டாவது கைதட்டு முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. அதைப் படம் எடுத்துவிட்டார். கான்பூரில் இருக்கிற அவருடைய தங்கைகளுக்கெல்லாம் போய்விட்டது.

திரும்பி வரும்போது நிறுத்திய டீக்கடையிலெல்லாம் சக்சேனா என்னைக் கைகாட்டி யாரிடமாவது பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டில்லிபாபு டீயை ஆற்றிக்கொண்டே, "மேடம், நீ இன்னா சொன்னேன்னு எனுக்கு ஒண்ணியும் பிரியல. ஆனா ஒடம்பு சும்மா புல்லரிச்சிப் பூட்ச்சி. எங்க ஏரியாவுல அம்மனுக்குக் கூழ் ஊத்தறப்போ நாடகம் போடுவோம், நீ வந்து அம்மா வேசம் கட்டு. இன்னா அண்ணாத்தே, அனுப்புவியா?" என்று ஜெகதீசனைக் கேட்டார். அவர், "அவங்களையே கேட்டுக்கப்பா" என்றார். அதிலும் ஒரு சிரிப்பு.

வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் கிருஷ்ணப்பிரியா கேட்டாள்: "ஏம்மா, தமிழ்லயே கத்தியிருக்கக் கூடாதா? அவனுக்காவது உறைச்சிருக்கும்ல?" அதற்குப் பிறகு அவள் என்னோடும் பேசவில்லை, பிரதீக்கின் போனையும் எடுக்கவில்லை. இன்று காலை அவன் அப்பா அம்மா விமானம் ஏறிவிட்டார்கள். ஏறுவதற்கு முன் சக்சேனா எனக்கு வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பி, "கல்யாணத்தில் மறுபடி நீங்கள் பேச வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். தாய்மாமன் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. கான்பூருக்குப் போன் போட்டு இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் சொன்னால் அவர் கைதட்டுவார். வாய் திறக்கத் தெரியாத பையனுக்கு நம் பெண் வேண்டாம். இது முடிந்த முடிவு. இதில் நீ யோசனை சொல்ல எதுவும் இல்லை. யோசனை என்று ஆரம்பித்தால் மறுபடி வேன் வைப்பாய்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரியவர்களாகி, யாரையும் யாரோடும் ஒரே வண்டியில் ஏற்றாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். முறுக்கு நன்றாக இருந்தது. அதில் எனக்குக் கோபமில்லை.

இப்படிக்கு,
தாட்சாயிணி

பி.கு. செவ்வாய்க்கிழமை. கான்பூருக்குப் போன் போட வேண்டாம். மேலே எழுதியதில் சம்பந்தத்தைப் பற்றிய பகுதியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உன்னைப் பற்றிய பகுதி அப்படியே நிற்கிறது. தை மாதத்தில் நல்ல முகூர்த்தம் பார்த்து எழுது.

இன்று காலை நடந்தது இது. கேட்டுக்கு வெளியே பிரதீக் நின்றான். "ஆன்ட்டி, நீங்க பேசினது டயலாக் இல்லன்னு எனக்குத் தெரியும். நான் கை தட்டல" என்றான். "தட்டல, போனைப் பாத்துட்டிருந்தே" என்றேன். "அப்போ போன்ல சார்ஜே இல்ல ஆன்ட்டி" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது பார், அத்தனையும் தமிழில் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது நீ எங்கேடா இருந்தாய் என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போனேன். ஜெகதீசன் மிக்ஸியை நிறுத்திவிட்டார். பையன் கேட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான். முடிந்ததும், "அப்பாகிட்ட சொல்ல எனக்கும் ரெண்டு வரி அந்த மாதிரி எழுதிக் குடுங்க ஆன்ட்டி. நானா சொன்னா வாயே வராது" என்றான்.

எழுதித் தரமாட்டேன் என்றேன். வசனம் பேசி நான் பட்டது போதும், வாய்க்கு வந்தபடி சாதாரணமாகச் சொல் என்றேன். ஹாலில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டான். "பப்பா, நாங்க சென்னையிலதான் இருப்போம். அவ வேலையை விடமாட்டா. நான் கடைக்கு வரல" என்று இந்தியில் சொன்னான். அவ்வளவுதான். எனக்கே முழுசாகப் புரிகிற அளவுக்கு எளிய இந்தி. சக்சேனா மெதுவாகக் கேட்டார்: "இது எந்தப் படத்துல வருது?"

"எந்தப் படத்துலயும் வரல பப்பா. நான் சொல்றேன்."

அவர் அந்தப் பக்கம் கட் செய்துவிட்டார். பையன் போனையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிருஷ்ணப்பிரியா உள்ளறையிலிருந்து வந்தாள், போனை அவன் கையிலிருந்து வாங்கி டேபிளில் கவிழ்த்து வைத்தாள், "இட்லி ஆறுது, கையைக் கழுவிட்டு வா" என்றாள்.